இடைவெளிகள் உட்பட

கேள்வி ஏழு, உட்பிரிவு ஆ:
தேவையை விளக்குக.
ஆயிரத்து ஐந்நூறு எழுத்துகள்,
இடைவெளிகள் உட்பட.

மரி-ழோசே இரண்டு தரம் வாசித்தாள்,
பிரெஞ்சில் ஒருமுறை, எனக்காக ஆங்கிலத்தில் ஒருமுறை.
நான் தமிழில் எனக்குள் சொல்லிப் பார்த்தேன்:
சும்மா விட்ட இடத்துக்கும் கணக்கு.

மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷன்.
இருபத்திரண்டு வீடுகளுள்ள கூட்டுறவுக் கட்டடம்.
கொதிகலன் என்னைவிட இரண்டு வயது மூத்தது.
நான் செயலாளர்,
அதாவது ஆண்டுக் கூட்டத்தில்
எல்லாரும் நிலத்தைப் பார்த்த நேரம்
தவறுதலாக நிமிர்ந்தவள்.

வெள்ளி பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு
விண்ணப்பம் ஏறாது.
வியாழன் இரவு துணி துவைக்கும் அறையில் இருந்து எழுதினோம்.
கட்டடத்தில் அங்கே மட்டும்தான் சூடு.

முதல் வரைவில் எல்லாரும் இருந்தார்கள்.
மூன்றாம் எண்ணில் ஸ்டாவ்ரூலா,
அவணைத் திறந்துவைத்து
அதன் முன்னால் கதிரை போட்டுக் குந்தியிருப்பவள்.
ஒன்பதில் ரொகேயாவின் இரட்டைப் பிள்ளைகள்,
ஜாக்கெட்டோடு வீட்டுப்பாடம் செய்பவர்கள்.
பதினாறில் குகதாசன்.
இரவு முழுக்கக் கோழித் தொழிற்சாலையின் குளிரறையில் நின்றுவிட்டு
விடிய வந்து குழாயைத் திறந்து
சுடுதண்ணீருக்காக
விறைத்த விரல்களை நீட்டிக்கொண்டு நிற்பவர்.
மொத்தம் நாலாயிரத்து நூற்றுப்பத்து எழுத்து.

மரி-ழோசே இருபது வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி.
யாரை முதலில் உள்ளே விடுவது என்று தெரிந்தவள்.
'மிகவும்' எல்லாவற்றையும் எடு என்றாள்.
எடுத்தேன்.
அவண் போயிற்று
(காப்புறுதிக்காரர் காதில் விழக்கூடாது).
ஸ்டாவ்ரூலா 'மூத்தோர் ஒருவர்' ஆனாள்.
ஜாக்கெட் நின்றது; பிள்ளைகளுக்குப் புள்ளி உண்டு.
குகதாசனுக்குப் புள்ளி இல்லை.
தனியாள், ஐம்பத்தெட்டு,
எந்தப் பெட்டியிலும் சரி போட முடியாத வயது.
அவருடைய முந்நூற்று நாற்பது எழுத்தை
நீலமாக்கிவிட்டு
விசைக்கு மேல் விரலை வைத்தபடி இருந்தேன்.
யாருடையதோ துணி சுற்றிச் சுற்றி
நின்றது.
அழித்தேன்.

அடுத்தது வாடகை.
சந்தையில் முருங்கைக்காய் விலை கேட்டு
கட்டுப்படியாகாது என்று கையை உதறிவிட்டு வருவோமே,
அந்தச் சொல்லுக்கு அரசாங்கத்திடம்
வரைவிலக்கணம் இருக்கிறது:
வருமானத்தில் நூற்றுக்கு முப்பது.
பதினாறாம் எண்ணுக்குக் கூட்டிப் பார்த்தேன்.
நாற்பத்தொன்று.
வீட்டை எப்படி உதறுவது?

மூன்று ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் ஏறியது.
நாங்கள் இருவரும் கைகுலுக்கிக்கொண்டது
இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சம்.

மாசியில் கடிதம்.
கேட்டதில் பாதிக்குச் சற்று மேல்.
கொதிகலனுக்கு உண்டு, குழாய்களுக்கு இல்லை.
வாசலில் பெயர்ப்பலகை கட்டாயம்;
நீளம், நிறம், எழுத்தின் தடிப்பு
எல்லாம் இணைப்பில்.
பலகை இரண்டு கிழமையில் வந்தது.
கொதிகலன் சித்திரையில்,
படிக்கட்டுப் பனி தானாகக் கரைந்த பிறகு.

இடையில் ஒருநாள் நிலக்கீழ் யன்னல் உடைந்தது.
அலுமினியப் பலகை அதற்கென்றே
அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.
மந்திரிசபையின் சின்னம்
ஆறு கிழமை
சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆய்வாளர் வரும் காலையில் கழற்றி,
துடைத்து, வாசலுக்குக் கொண்டுபோனோம்.
குகதாசன் ஏணியில் ஏறினார், வேலையால் வந்த சட்டையோடு.
மேலே நின்று மெதுவாக வாசித்தார்:
மாகாணம், மாநகரம், திட்டத்தின் முழுப்பெயர்.
"எங்கட பேர் ஒண்டும் இல்லையோ?"
என்று கேட்டுச் சிரித்தார்.
இருந்தது என்று சொல்ல வாய் திறந்து
அடுத்த ஸ்குரூவை எடுத்து நீட்டினேன்.

புரட்டாசியில் இன்னொரு சுற்று, குழாய்களுக்கு.
இம்முறை இரண்டாயிரம் எழுத்து.
வெட்டியதெல்லாம் வேறொரு கோப்பில் பத்திரம்.
பதினாறாம் எண்ணை முதலில் ஒட்டினேன்.
முந்நூற்று நாற்பது.
மிச்சம் ஆயிரத்து அறுநூற்று அறுபது.